வணிகக் கடிதம் நடத்தும் ஆசிரியர்களுக்கு: நமக்கென்று ஒரு சங்கம் வேண்டும்

அன்புள்ள ஆசிரிய நண்பர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் கலை அறிவியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் வணிகக் கடிதமும் அலுவலக எழுத்தும் நடத்துகிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். ஊருக்கு ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருக்கிற ஆசிரியர்களையும் சேர்த்துத்தான். கேட்க வந்தது ஒன்றே ஒன்று: இந்தப் பாடத்தை நடத்துகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும். வேறு யாரும் வந்து தொடங்கித் தரமாட்டார்கள். நாம்தான் தொடங்க வேண்டும்.

நான் திருப்பூரில் ஒரு கல்லூரியில் வணிகவியல் ஆசிரியர். பி.காம். மாணவர்களின் வணிகத் தகவல் தொடர்புப் பேப்பர் பல வருஷமாக என்னிடம் இருக்கிறது. நானாகக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அப்படிக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு என்பது உங்களுக்கே தெரியும். டைம்டேபிள் போடும்போது கார்ப்பரேட் அக்கவுண்டிங், காஸ்டிங், இன்கம்டாக்ஸ் எல்லாம் மூத்தவர்களுக்குப் போய்விடும். கடைசியில் மிஞ்சுகிற இந்தப் பேப்பர் புதிதாகச் சேர்ந்தவர் தலையிலோ கௌரவ விரிவுரையாளர் தலையிலோ விழும். 'லெட்டர்தானே, யார் வேண்டுமானாலும் நடத்தலாம்' என்பார்கள். சில கல்லூரிகளில் ஆங்கிலத் துறைக்கு ஒர்க்லோட் குறைந்தால் பேப்பர் அங்கே போகும். அவர்களுக்கு மணிக்கணக்கு நிறைந்துவிட்டால் மறுபடி வணிகவியலுக்கே வரும். ஆங்கிலத் துறை இதை வியாபாரம் என்கிறது, வணிகவியல் துறை மொழிப்பாடம் என்கிறது. இரண்டு பேருமே சொந்தம் கொண்டாடாத பாடத்தை ஓர் ஆசிரியர் ஒரு செமஸ்டர் நடத்துவார், அடுத்த வருஷம் வேறு பேப்பருக்குப் போய்விடுவார். அந்த ஆறு மாதத்தில் அவர் வகுப்பில் கண்டுபிடித்ததெல்லாம் அவரோடு போய்விடும். அடுத்து வருகிறவர் கையில் பழைய நோட்ஸின் ஜெராக்ஸ் மட்டும் இருக்கும்.

அமெரிக்காவில் இதே பாடத்தை நடத்தியவர்களும் இதே இடத்தில்தான் நின்றிருந்தார்கள். அவர்கள் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பல்கலைக்கழகங்களுக்குள் பிசினஸ் இங்கிலீஷ் என்ற பாடம் வந்தது. நியூயார்க் பல்கலைக்கழகமும் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகமும் அதில் முன்னோடிகள். தபால் வழி வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. மான்ட்கோமரி வார்ட், சியர்ஸ் போன்ற கம்பெனிகள் கேட்டலாக்கையும் கடிதத்தையும் வைத்தே நாட்டின் மூலை முடுக்கெல்லாம் விற்றன. வாடிக்கையாளர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. விசாரித்தால் பதில், குறை சொன்னால் சமாதானம், பாக்கி வைத்தால் நினைவூட்டல், எல்லாமே கடிதம்தான். எழுதத் தெரிந்த ஆட்களைக் கம்பெனிகள் தேடின. ஆனால் அந்த ஆட்களை உருவாக்கிய ஆசிரியருக்குக் கல்லூரிக்குள் மதிப்பில்லை. இலக்கியம் நடத்திய பேராசிரியர்கள் இதைக் கீழ்ப்படியில் வைத்தார்கள். வணிகப் பள்ளிகளில் இருந்தவர்கள், எழுத்துப்பிழை திருத்துகிற வேலை என்று நினைத்தார்கள். ஒரு கல்லூரிக்கு ஒருவர், இருவர் என்று சிதறிக் கிடந்தார்கள். பக்கத்து ஊர்க் கல்லூரியில் இதே பாடத்தை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்க ஆள் இல்லை.

1936இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் அடி இன்னும் ஆறாத நேரத்தில், அவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். வணிக எழுத்து நடத்தும் கல்லூரி ஆசிரியர் சங்கம் என்று பெயர். முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பிசினஸ் இங்கிலீஷ் நடத்திய ஆல்டா க்வின் சாண்டர்ஸ் என்ற பெண்மணி. தொடங்கிய சங்கம் நின்றுவிடவில்லை. அமெரிக்க வணிக எழுத்துச் சங்கம் ஆயிற்று, அப்புறம் அமெரிக்க வணிகத் தகவல் தொடர்புச் சங்கம் ஆயிற்று, பின்னால் அமெரிக்க என்ற அடையையும் எடுத்துவிட்டார்கள். இன்று பல நாட்டு ஆசிரியர்கள் அதில் உறுப்பினர்கள். முதலில் ஒரு சின்ன புல்லட்டின் நடத்தினார்கள். 1963இல் ஆய்வுக்கென்று தனி இதழ் தொடங்கினார்கள். கற்பித்தலுக்கான இதழும் ஆய்வுக்கான இதழும் இன்றைக்கும் தனித்தனியாக வருகின்றன.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது இதழ்களோ மாநாடுகளோ கிடையாது. அவர்கள் ஆண்டுக் கூட்டத்தில் 'எனக்குப் பிடித்த அசைன்மென்ட்' என்று ஓர் அமர்வு வைக்கிறார்கள். ஓர் ஆசிரியர் தன் வகுப்பில் கொடுத்த ஒரே ஒரு பயிற்சியை எடுத்துச் சொல்வார். என்ன சூழல் கொடுத்தேன், மாணவர்கள் என்ன எழுத வேண்டும், எப்படி மதிப்பிட்டேன் என்று சில நிமிஷங்களில் முடிந்துவிடும். கேட்டவர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் வகுப்பில் போடலாம். பிறகு அவை தொகுக்கப்பட்டு இதழிலும் வருகின்றன. ஓர் ஆசிரியர் தன் நல்ல பாடத்தை இன்னொரு ஆசிரியருக்குக் கொடுக்க ஓர் இடம். சங்கம் என்று நான் சொல்வது அந்த இடத்தைத்தான்.

நமக்கு அப்படி ஓர் இடம் இப்போது எங்கே இருக்கிறது? விடைத்தாள் திருத்துகிற கேம்ப்பில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. கட்டு திருத்தி முடித்துவிட்டு டீ குடிக்கப் போகும்போது பக்கத்தில் நிற்கிறவர், 'உங்க பசங்க எல்லாரும் கடைசிப் பாராவில தேதி போட்டு எழுதியிருக்காங்களே, எப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க?' என்று கேட்பார். பத்து நிமிஷம் பேசுவோம். நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்தப் பத்து நிமிஷங்களில்தான். கேம்ப் முடிந்ததும் அவர் ஓர் ஊருக்கும் நான் ஓர் ஊருக்கும் போய்விடுவோம்.

அந்தக் கட்டுகளுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எழுத்தில் ஒரு தடவை பதிவாக வேண்டும். பழுதான சரக்கு வந்தது பற்றிப் புகார் கடிதம் எழுதுக என்று கேள்வி வரும். அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள், ஐயா, இப்படிக்கு, எல்லாம் சரியான இடத்தில் இருக்கும். நடுவில் இரண்டு வரி: சரக்கு பழுதான நிலையில் வந்து சேர்ந்தது, தயவுசெய்து ஆவன செய்யவும். அமைப்புக்கு மதிப்பெண் போட்டே ஆக வேண்டும், ஸ்கீம் அப்படி. எந்தச் சரக்கு, எத்தனை, எந்த பில், என்ன பழுது, என்ன செய்யச் சொல்கிறோம் என்று ஒரு வார்த்தை இருக்காது. நூறு தாளிலும் அதே இரண்டு வரி. அவர்கள் மனப்பாடம் செய்ததை நாம் குறை சொல்ல முடியாது. நாம் கேட்ட கேள்விக்கு அது போதும்.

எங்கள் ஊரில் பழுதான சரக்கு என்றால் என்ன தெரியுமா? சாயப் பட்டறையிலிருந்து துணி வருகிறது. ரோலுக்கு ரோல் ஷேடு, அதாவது நிறத்தின் அழுத்தம், மாறுகிறது. அதற்குக் கடிதம் எழுதுகிறவருக்கு டி.சி. (சரக்கோடு வருகிற டெலிவரி சலான்) எண்ணும் தேதியும் வேண்டும். லாட் நம்பர் வேண்டும். மொத்தம் எத்தனை கிலோ வந்தது, அதில் எத்தனை கிலோவில் ஷேடு மாறியிருக்கிறது, எந்த அப்ரூவ்டு சாம்பிளோடு வைத்துப் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, துணியை வெட்டிவிட்டோமா இல்லையா என்று சொல்ல வேண்டும். வெட்டிவிட்ட துணிக்கு எந்தப் பட்டறைக்காரரும் ரீடையிங், அதாவது மறுசாயம், செய்து தரமாட்டார். பேச்சு அப்புறம் டெபிட் நோட்டுக்கு, அதாவது பணத்தைக் கழிப்பதற்கு, போய்விடும். இத்தனையும் அரைப் பக்கத்தில் அடங்கும். இப்படி ஒரு கடிதத்தை வகுப்பில் கொடுத்து, பட்டறைக்காரர் இடத்திலிருந்து பதில் எழுதச் சொன்னால் பசங்க எழுதுகிறார்கள். சண்டை போட்டுக்கொண்டே எழுதுகிறார்கள். பாதிப் பேர் வீட்டில் யாராவது அந்தத் தொழிலில் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

இது திருப்பூருக்கு. ஈரோட்டில் மஞ்சள் மண்டியை வைத்து ஒருவர் நடத்திக்கொண்டிருக்கலாம். சிவகாசியில் காலண்டர் ஆர்டரை வைத்து, தூத்துக்குடியில் கன்டெய்னர் தாமதத்தை வைத்து, நாமக்கல்லில் லாரி வாடகையை வைத்து நடத்திக்கொண்டிருக்கலாம். அவையெல்லாம் ஓரிடத்தில் சேர்ந்தால் நம் கையில் தமிழ்நாட்டுத் தொழிலையே பாடமாக வைத்திருக்கிற ஒரு கடிதக் கட்டு இருக்கும். எந்தப் பதிப்பகமும் அதைத் தயாரிக்க முடியாது. அந்தந்த ஊர் ஆசிரியரால்தான் முடியும்.

என்னிடம் படித்த ஒரு மாணவி எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரைக் கவனிக்கிறவராக, சேர்ந்த புதிதில் பையருக்கு (வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு) அனுப்பிய மெயிலைக் கொண்டுவந்து காட்டினாள். தவிர்க்க முடியாத சில காரணங்களால் ஷிப்மென்ட் தாமதமாகிறது, தயவுசெய்து பொறுத்துக்கொள்ளவும் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஒரு பிழை கிடையாது. பையரிடமிருந்து மூன்றே கேள்விகள் திரும்பி வந்தன. எந்த பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்)? எத்தனை பீஸ்? புதிய தேதி என்ன? மேனேஜர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டதும் அதே மூன்றுதான். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து திருப்பி எழுதினோம். முதல் வரியிலேயே பி.ஓ. எண்ணும் பழைய தேதியும் புதிய தேதியும். அடுத்த வரியில் காரணம்: இந்த நிறத்துக்கு லேப் டிப் (சாய மாதிரி) அப்ரூவல் இத்தனை நாள் தள்ளி வந்தது. அப்புறம், முடிந்த பீஸை இப்போதே கப்பலில் அனுப்பட்டுமா, முழுவதும் சேர்த்து அனுப்பட்டுமா, எந்த நாளுக்குள் சொன்னால் இடம் பிடிக்க முடியும் என்று ஒரு கேள்வி. மெயில் முதலில் இருந்ததைவிடச் சின்னதாகிவிட்டது. பையர் ஒரு வரியில் முடிவு சொல்லிவிட்டார். அவளுக்கு மொழி தெரிந்திருந்தது, தொழிலும் தெரிந்திருந்தது. படிக்கிறவர் அடுத்து என்ன முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்று யோசித்து எழுத மட்டும் பழகியிருக்கவில்லை. அதுதான் நம் பாடம். அதை ஆங்கிலத் துறையும் வணிகவியல் துறையும் தனியாக நின்று நடத்த முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

பாக்கி வசூல் கடிதத்தையும் பாருங்கள். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது: முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், கடைசி எச்சரிக்கை. குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் பற்றி அதில் எத்தனை புத்தகம் பேசுகிறது? பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளரிடம் சரக்கோ வேலையோ வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகார் கொடுக்க 2017இல் சமாதான் என்ற இணையப் போர்ட்டல் வந்தது. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்திலும் திருத்தம் வந்துவிட்டது. இவ்வளவும் தெரிந்த பையன் எழுதுகிற வசூல் கடிதம் வேறு மாதிரி இருக்கும். கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். இன்வாய்ஸ் எண், தேதி, 45ஆம் நாள் எது, இன்று எத்தனை நாள் தாண்டியிருக்கிறது, இவ்வளவு எழுதினால் போதும். அவன் அப்பா வைத்திருக்கிற சின்னப் பட்டறைக்கு அன்றைக்கே உபயோகப்படுகிற பாடம் அது. இதையெல்லாம் ஒருவரே தேடிப் பிடித்து ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்துக்கொண்டிருக்க முடியாது. ஜி.எஸ்.டி. நடத்துகிற நண்பர் சொன்னால்தான் எனக்கே பாதி விஷயம் தெரிகிறது.

இப்போது சாட்ஜிபிடி வந்துவிட்டது. 'இனி லெட்டர் எழுதச் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது?' என்று ஸ்டாஃப் ரூமில் கேட்கிறார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் பார்த்தவரை நிலைமை நேர்மாறாக இருக்கிறது. அசைன்மென்ட்டில் வருகிற கடிதங்கள் இப்போது பளபளவென்று இருக்கின்றன, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று தொடங்குகின்றன, நான்கு பாரா ஓடுகின்றன. பில் எண் இருக்காது, தேதி இருக்காது, என்ன வேண்டும் என்பது மூன்றாம் பாராவின் நடுவில் எங்கோ இருக்கும். முன்னால் இரண்டு வரியில் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை இப்போது நான்கு பாராவில் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார்கள். விவரத்தைத் திரட்டுவதும், எதைச் சொல்வது எதை விடுவது என்று முடிவு செய்வதும், வந்த வரைவைப் படித்து 'இது உண்மையா, இதற்கு நான் கையெழுத்துப் போடலாமா' என்று பார்ப்பதும் இன்னும் அந்த மாணவன் கையில்தான் இருக்கின்றன. அதைச் சோதிக்கிற கேள்வித்தாளும் அசைன்மென்ட்டும் எப்படி இருக்க வேண்டும்? என்னிடம் சில யோசனைகள் இருக்கின்றன. உங்களிடமும் இருக்கும். இதுவரை நாம் சேர்ந்து பேசவில்லை. இந்த ஓராண்டு ஈராண்டில் நாம் பேசி முடிவு செய்யாவிட்டால், இந்தப் பேப்பரே வேண்டாம் என்று வேறு யாராவது முடிவு செய்துவிடுவார்கள்.

முடிவு செய்கிற இடங்களில் நாம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023இல் மாநில உயர்கல்வி மன்றத்தின் பொதுப் பாடத்திட்டம் பற்றி எவ்வளவு விவாதம் நடந்தது! வேலைவாய்ப்புத் திறனுக்கென்று 2022இல் நான் முதல்வன் திட்டம் வந்தது, அதில் தகவல் தொடர்புப் பயிற்சியும் உண்டு. இரண்டும் நம் வகுப்பறையைத் தொடுகிற விஷயங்கள். 'வணிக எழுத்து நடத்துகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள்?' என்று யாராவது கேட்க நினைத்திருந்தாலும் யாரிடம் போய்க் கேட்பார்கள்? பாடத்திட்டக் குழுவில் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் இருப்பார்கள், இலக்கியம் நடத்துகிறவர்கள் இருப்பார்கள். நம் பாடத்துக்கு அங்கே வாயில்லை. ஃபேக்ஸ் பற்றி ஒரு யூனிட்டில் எழுதிவிட்டு வாட்ஸப் ஆர்டரைப் பற்றி ஒன்றுமே எழுதாமல் விட்ட சிலபஸ் இப்படித்தான் உருவாகிறது.

தமிழ் விஷயத்தில் எனக்கு ஆதங்கம் அதிகம். நம் பேப்பர் முழுக்க ஆங்கிலம். ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்த மாநிலம் இது. நாளைக்கு இந்தப் பசங்க மின்வாரியத்துக்கும் பேரூராட்சிக்கும் கூட்டுறவு வங்கிக்கும் தமிழில் எழுத வேண்டும், தொழிலாளிக்கு நோட்டீஸ் போட வேண்டும், தறிக்காரரோடு கூலி ஒப்பந்தம் எழுத வேண்டும். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த நகரத்தார், வட்டிக் கணக்கும் ஏஜென்ட் சம்பளமும் வசூல் நிலவரமும் எல்லாம் தமிழிலேயே எழுதிச் செட்டிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடல் தாண்டி நடந்த வியாபாரத்தையே தமிழ்க் கடிதம் தாங்கியிருக்கிறது. இன்று ஒரு பி.காம். பட்டதாரி, 'மேற்படி விஷயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்' என்று ஆரம்பித்துவிட்டு அதற்கு மேல் நகர முடியாமல் நிற்கிறான். எளிமையான, மரியாதை குறையாத, வேலை நடக்கிற தமிழ் வணிகக் கடிதம் எப்படி இருக்கும் என்பதற்கு நாம் மாதிரிகள் உருவாக்க வேண்டும். இதற்குத் தமிழ்த்துறை நண்பர்களையும் கூப்பிட வேண்டும். சங்கத்தின் வேலைகளில் எனக்கு மிகவும் ஆசையான வேலை இது.

டைப்ரைட்டிங் ஆசிரியர்களை முதல் வரியிலேயே சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்கச் சங்கம் கல்லூரி ஆசிரியர்களோடு தொடங்கியது. நாம் அப்படித் தொடங்கக் கூடாது. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் தேர்வுகளில் ஸ்பீடு தாளைத் தவிர இன்னொரு தாளில் லெட்டரும் ஸ்டேட்மென்ட்டும் (அட்டவணை) உண்டு. கடிதத்தில் தேதி எங்கே, பொருள் எங்கே, எவ்வளவு இடம் விட வேண்டும் என்று நம் ஊரில் எத்தனையோ பேர் முதலில் படித்தது மாடியில் இருக்கிற ஒரு இன்ஸ்டிட்யூட்டில்தான், கல்லூரியில் இல்லை. இந்தியாவில் வணிகக் கல்வியே 1886இல் பச்சையப்பன் அறக்கட்டளையினர் சென்னையில் தொடங்கிய வணிகப் பள்ளியிலிருந்துதான் ஆரம்பித்தது என்று நாம் வகுப்பில் சொல்கிறோம். அதற்கு 27 வருஷம் கழித்துத்தான் பம்பாயில் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரி வந்தது. பட்டம் வருவதற்கு முன்பே பயிற்சி வந்துவிட்ட துறை இது. பட்டம் இல்லாதவரை வெளியே நிறுத்துகிற சங்கம் இந்தப் பாடத்துக்குப் பொருந்தாது.

'இன்னொரு சங்கமா?' என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். நியாயம்தான். ஆங்கில ஆசிரியர்களுக்கு 1974இலிருந்து அகில இந்திய அளவில் சங்கம் இருக்கிறது. வணிகவியலுக்கும் பழைய அகில இந்தியச் சங்கம் இருக்கிறது. சம்பளம், பணி நிரந்தரம் என்று போராட ஆசிரியர் அமைப்புகள் இருக்கின்றன. அவர்கள் வேலை அவர்களுடையது. கௌரவ விரிவுரையாளர்களின் ஊதியப் போராட்டத்தில் நம்மில் பலர் நிற்கிறோம், நிற்போம். நான் சொல்கிற சங்கம் ஒரு பாடத்துக்கானது. ஒரு வகுப்பில் 60 பேர் எழுதிய கடிதத்தைத் திருத்துவது எப்படி என்று அது கவலைப்பட வேண்டும். ஒரு கடிதத்தை ஒழுங்காகத் திருத்தப் பத்து நிமிஷம் என்றால் 60 கடிதத்துக்குப் பத்து மணி நேரம். அதனால்தான் நம்மில் பலர் மாதிரிக் கடிதத்தைப் போர்டில் எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எதற்கு மட்டும் சிவப்பு மை, எதை மாணவர்களையே மாற்றி மாற்றித் திருத்த விடலாம், எந்தத் தவறை வகுப்பு முழுவதுக்கும் சேர்த்து ஒரே தடவை பேசிவிடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லிக் கொடுக்க முடியும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஒருநாள் கருத்தரங்கு, ஐ.எஸ்.பி.என். போட்ட மலர், சான்றிதழ், பொன்னாடை, இந்த வழிக்கு நாம் போக வேண்டாம். சான்றிதழுக்காக வருகிறவர்கள் சான்றிதழ் வாங்கியதும் போய்விடுவார்கள். பணி உயர்வுக்குப் புள்ளி தேவைப்படுகிற இளம் ஆசிரியர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும்; அதற்கான வழிகள் வேறு இடத்தில் நிறைய இருக்கின்றன. இங்கே வருகிறவர் ஒரு பயிற்சியைக் கொடுத்துவிட்டு இரண்டை எடுத்துக்கொண்டு போகிறார் என்றால் அது போதும். தலைவர் பதவியும் ஒரு தடவைக்கு மேல் ஒருவரிடம் இருக்க வேண்டாம் என்று துணை விதியிலேயே எழுதிவிடலாம்.

தொடங்குவது கடினமில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். நோக்கக் குறிப்பும் துணை விதிகளும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். அந்த ஏழு பேரில் வணிகவியல், ஆங்கிலம், தமிழ் மூன்று துறையும் இருக்க வேண்டும், பாலிடெக்னிக்கிலிருந்து ஒருவரும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து ஒருவரும் இருக்க வேண்டும், கௌரவ விரிவுரையாளர் ஒருவராவது நிர்வாகத்தில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இந்தப் பேப்பரை அதிகம் சுமப்பவர்கள் அவர்கள்தான். சந்தா அவர்களுக்குப் பாரமில்லாத தொகையாக இருக்கட்டும்.

முதல் கூட்டத்துக்குத் திருச்சி வசதி என்று நினைக்கிறேன். நாகர்கோவிலிலிருந்து வருகிறவருக்கும் வேலூரிலிருந்து வருகிறவருக்கும் நடுவில் இருக்கிறது, பஸ்ஸும் ரயிலும் எல்லாப் பக்கத்திலிருந்தும் உண்டு. நவம்பர் தேர்வும் வேல்யூவேஷனும் முடிந்த பிறகு வருகிற ஒரு சனிக்கிழமையை வைத்துக்கொள்ளலாம். மேடை வேண்டாம், ஒரு வகுப்பறையும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் இருந்தால் சரி. அதற்கு முன்னால் வருகிற கேம்ப்பில், உங்கள் பக்கத்து மேஜையில் இந்தப் பேப்பரைத் திருத்துகிறவரிடம் இந்த மடலைக் காட்டுங்கள். வருகிறாரா என்று கேளுங்கள். மாவட்டத்துக்கு இரண்டு பேர் வந்தாலே வேலை தொடங்கிவிடும்.

வரும்போது ஒவ்வொருவரும் இரண்டு தாள் கொண்டுவர வேண்டும். ஒன்று, உங்கள் ஊர்த் தொழிலிலிருந்து எடுத்த ஓர் உண்மையான கடிதம் அல்லது மெயில். பெயர், முகவரி, தொகை எல்லாம் மாற்றிவிடுங்கள். இன்னொன்று, நீங்கள் திருத்திய ஒரு மாணவரின் கடிதம், பெயரை மறைத்துவிட்டு, உங்கள் சிவப்பு மைக் குறிப்புகளோடு அப்படியே. நன்றாக எழுதப்பட்டது வேண்டாம், நீங்கள் எப்படித் திருத்துவது என்று யோசித்து நின்ற கடிதமாக இருக்கட்டும். காலையில் முதல் தாளையும் மதியம் இரண்டாம் தாளையும் எடுத்துக்கொள்வோம். பதிவு, பெயர், சந்தா பற்றி மாலையில் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
திருப்பூரிலிருந்து ஒரு வணிகவியல் ஆசிரியர்